தங்கை சொன்னதாகச் சொன்னேன்

தொலைபேசியில் நீட்டி முழக்கிக் கதைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அதனால்தான் வன்னியிலிருந்து வரும் அழைப்புகளை இயக்கம் என்னிடம் ஒப்படைத்தது.

2009 சித்திரை. அங்கே சனம் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் கிடந்தது. சட்டலைட் போன் வைத்திருந்த போராளி ஒருவர் ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு எடுப்பார். பங்கருக்கு ஓராளாக வந்து அவசரமாக இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதை இங்கே நோர்வேயில், ஒஸ்லோவிலும் திராமனிலும் இருந்த உறவுகளுக்குச் சொல்வேன். உறவுகளின் பதிலை அடுத்த அழைப்பில் சொல்வேன். எல்லோரும் என்னை நம்பினார்கள்.

சிவகாமி எனக்குக் கீழ்மாடியில் இருப்பவள். எதற்கெடுத்தாலும் மூக்கைச் சிந்துகிற ஆள். அவளுடைய அக்கா விமலாதேவி இரண்டு பிள்ளைகளோடு அங்கே அகப்பட்டிருந்தாள். களப்பைக் கடந்து ஆமிப் பக்கத்து அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மச்சாள் ஒருத்தி, விடியப்புறம் துவக்குச் சூடு இல்லை, வரலாம் என்று தகவல் அனுப்பியிருந்தாளாம். அதை அக்காவிடம் சொல்லும்படி சிவகாமி என் வாசலில் நின்று அழுதாள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அழைப்பு வந்தது. "தங்கச்சி என்ன சொன்னவ, அண்ணை?" என்று விமலாதேவி கேட்டாள்.

"அசைய வேண்டாமாம். போற சனத்தை ஆமி சுடுறானாம் எண்டு சொல்லச் சொன்னவ."

நான் சொன்னதாகச் சொன்னால் யோசிப்பாள். தங்கை சொன்னால் கேட்பாள்.

சனம் களப்பைக் கடந்து வருவதை ஆமி மீட்பு என்றது. சனம் எழும்பி அந்தப் பக்கம் போனால், இங்கே நோர்வேப் பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்று நாங்கள் யாருக்காகக் கத்துவது? ஒரு பங்கர் எழும்பினால் வரிசையே எழும்பும். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு.

அந்தக் கிழமையே ஷெல் விழுந்தது. தாயும் பிள்ளைகளும் போய்விட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் நான்தான் பேசினேன். மண்ணை விட்டு அசைய மறுத்த பெண் என்றேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

பக்கத்துப் பங்கரில் தப்பிய ஒருவர் இப்போது முகாமிலிருந்து சிவகாமியிடம் கதைத்திருக்கிறார். விமலாதேவி பையெல்லாம் கட்டி வைத்திருந்தாளாம். தங்கச்சி வேண்டாம் என்றுவிட்டாள் என்று சொல்லி அவிழ்த்தாளாம். நேற்றுப் பின்னேரம் சிவகாமி சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்தாள். நான் மறைக்கவில்லை. ஓம், நான்தான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"உங்கடை மனிசியும் பிள்ளையளும் அங்கை நிண்டிருந்தா, அவைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பியளோ?"

அவளோடு வாதாடி என்ன பயன்? அவர்கள் எப்படி அங்கே நிற்பார்கள்? வன்னியை விட்டு வெளியேறும் பாதை பூட்டப்போகிறது என்று காதில் விழுந்ததுமே நான் அவர்களை இங்கே கூப்பிட்டுவிட்டேன். பொறுப்புள்ள மனுசன் அதைத்தானே செய்வான்.