கதவு கழற்றிய வீடு

1. ஜப்பான் சண்டைக்கு முன்பு அவள் கணவன் வேலைக்காக மலேயா போனான்.
2. சண்டை முடிந்ததும் வீட்டுச் சொந்தக்காரரின் ஏஜெண்டு வந்து, குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.
3. அவள் மறுத்ததும் கிணற்றடியைப் பூட்டினார்.
4. நேற்று ஆள் வைத்து வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போனார்.

மதுரையில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், பேரையூரிலிருந்து வந்திருந்த தன் அக்காளிடம் சொன்னவை இவை. பிறகு சொன்னாள்:

"கதவு போனதும் நல்லதுதேன்க்கா. அவுக மலேயாவுலருந்து வந்தா தட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல."

"கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. எங்கூட ஊருக்கு வந்துரு."

"அவுகளுக்கு அந்த வீடு ஒண்ணுதான தெரியும். அங்கிருந்து கப்பல் கப்பலா ஆளுக வந்து இறங்குறாகளாம்."

"நாலு வருசமா ஒரு காயிதம் இல்லையேடி."

"இனிமே வந்தாலும் அங்கதான வரும்?"

"அந்த ஏஜெண்டு திரும்பவும் மீசைய முறுக்கிக்கிட்டு வந்தா?"

"காலைல வந்தாரு. நானே காலி பண்றதா எழுதின தாள நீட்டி, ரேகை வைக்கச் சொன்னாரு. வாடகைக் கண்ட்ரோலர் உத்தரவக் கொண்டாங்க, வெளிய போறேன்னேன். கிணத்தப் பூட்டினப்பவே கண்ட்ரோலருகிட்ட மனுக் குடுத்துட்டேன்னும் சொன்னேன். மீசை தொங்கிப்போச்சு."

அக்காள் சிரித்துவிட்டாள். "அம்புட்டுத் தைரியம் ஒனக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"தைரியமெல்லாம் இல்லக்கா. நான் போயிட்டா, அவுக வந்து யாரக் கேப்பாக?"

அக்காள் அதற்குமேல் ஊருக்குக் கூப்பிடவில்லை.

மனு மீது விசாரணை வியாழக்கிழமை. கிணறு பூட்டியிருக்கிறது. மலேயாவிலிருந்து கடிதம் வரவில்லை. அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.