பேர்கனுக்கு ஒரு சின்னக் குரூப்

“ஹலோ… வஅலைக்கும் ஸலாம் நானா… ஓ, ஓ, வீட்டுலதான்… இல்ல, தூங்கல்ல. பெக் அடுக்கிட்டு ஈந்த…”

கெலிஓயாவில் உம்மு குல்சும் என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று விளங்காது. குல்சும் டீச்சர் என்றால் மீன்காரர்கூட வீட்டு வாசல்வரை கூட்டிவந்து விடுவார். ஆயுள் முழுக்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அழைத்திருப்பவர் அவருடைய நானா, அதாவது அண்ணன், ஸெய்னுலாப்தீன். நாவலப்பிட்டியில் இரும்புக் கடை, பள்ளிவாசல் நிர்வாகத்தில் முன்வரிசைக் கதிரை. அவர் பேச ஆரம்பித்தால் தங்கச்சியின் பங்குக்கு வருவது பெரும்பாலும் ‘ஓ நானா’ மட்டும்தான்.

“குரூப்பா?… ம்… பெரிய குரூப் ஒண்டுமில்ல நானா… சின்னக் குரூப்தான். மிச்சம் சின்னது… ஆம்பிளைகளா? சேச்சே, ஆம்பிளைகள் ஒருத்தரும் இல்ல… கூட்டிட்டுப் போற ஹஸ்ரத்தா?… நானா, கொஞ்சம் இரிங்க, அடுப்புல பால் வெச்சிட்டு வந்த…”

அடுப்பில் பாலும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை. டீச்சர் குசினிக்குள் போய்ச் சட்டி மூடியை எடுத்து ‘டங்’கென்று வைத்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கூடத்துக்கு வந்தார், மறுபடி குசினிக்குப் போனார். காலையிலிருந்தே இப்படித்தான், ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

விசயம் இதுதான். டீச்சர் அடுத்த செவ்வாய்க்கிழமை போகப்போவது, ஊர் நினைப்பதுபோல மக்கத்துக்கு, உம்ராவுக்கு இல்லை. நோர்வே நாட்டில் பேர்கன் என்கிற ஊருக்கு. சும்மா, ஊர் பார்க்க. ஒரு வாரத்துக்கும் குறைவாக. தன்னந்தனியாக. வருடா வருடம் கரும்பலகையில் நீலச் சோக்கால் ஃபியோர்ட் வரைந்தவர் அவர். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் உள்ளே உள்ளே நுழைந்துபோகும் கடல். வரைந்த கைக்குச் சொந்தக்காரி கண்ணால் பார்த்த பெரிய தண்ணீர், விக்டோரியா அணைக்கட்டோடு சரி. முதலில் தம்பி தங்கைகளைக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. பிறகு உம்மா படுத்த படுக்கையானார். நாலு பிள்ளைகளில் கலியாணம் கட்டாதவள் ஒருத்தி என்பதால், யாரும் கேட்காமலே உம்மாவின் கட்டில் டீச்சரின் அறைக்கு வந்தது. போன நோன்பில் உம்மா மவுத்தானார்.

“ஆ, வந்திட்டேன் நானா… ஓ, செல்லுங்க… காலுறையா? மதினி சென்னாவா?… ஓ, கம்பளிக் காலுறைதான் வாங்கின… மக்கத்துல சூடுதான், இல்லண்டு நான் எங்க சென்ன?… ஏசி நானா! ஹோட்டல்ல ஏசி கடுமையாம்… ஓ… ஓ… மழைக்கோட்டா? அத எப்ப மதினி பாத்த?”

பெட்டியில் அபாயாக்களுக்கு அடியில் ஒளித்து வைத்த மழைக்கோட்டுக்கும் கண் வைத்தாயிற்று. பேர்கனில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் என்பது டீச்சருக்கு மனப்பாடம். மக்கத்தின் மழைவீழ்ச்சியும் மனப்பாடம்தான்.

உம்ரா என்று முதலில் சொன்னது டீச்சர் இல்லை. ஊர்தான் முந்திக்கொண்டது. டிக்கெட் எடுத்த கண்டிக் கடையில் உம்ராவுக்கும் ஆள் அனுப்புவார்கள். கையில் பாஸ்போர்ட்டோடு அவர் படியிறங்கியதை அடுத்த வீட்டு நஸ்லியா கண்டுவிட்டாள். டீச்சரின் பஸ் பேராதனையைத் தாண்டுமுன் செய்தி கெலிஓயாவில் இறங்கிவிட்டது. உம்மாவின் கடமை முடிந்த ஒற்றைப் பொம்பிளை பாஸ்போர்ட் எடுத்தால் வேறு எங்கே போவாள்? அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாசல் நிறையச் செருப்பு. புனிதப் பயணம் போகிறவரிடம் செய்த பிழைக்கு மாப்புக் கேட்பதும் நபிக்கு ஸலாம் சொல்லி அனுப்புவதும் வழக்கமாச்சே. அது இல்லை பிள்ளைகளே என்று டீச்சர் வாயெடுக்குமுன் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள். விம்முகிறவளிடம் நோர்வே என்று எந்த வாயால் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டார். திரும்பி வரும்போது கொழும்பில் நல்ல ஈத்தம்பழமாக வாங்கிவந்து, மக்கத்துப் பழம் என்று வீடு வீடாகப் பங்கிட்டால் போச்சு என்று ஒரு கள்ள யோசனையும் மனதுக்குள் இருந்தது.

“வெள்ளிக்கிழமையா?… ஜும்மாக்குப் பொறகு… எங்கட வீட்டுலயா?… எத்தின சஹன் சோறு?… யா அல்லாஹ்! நானா, எதுக்கு இவ்வளவு ஆக்களுக்கு?… இல்ல, இல்ல, கோவிக்கல்ல… ஹஸ்ரத்துக்கும் சென்னாச்சா?… குண்டசாலைச் சொந்தக்காரங்களுக்கும்?… ஓ… ஓ நானா… வட்டிலப்பம் நான் செஞ்சிக்கிறேன்… ஓ…”

சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது டீச்சருக்கு. என்ன வட்டிலப்பம்! இப்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? யன்னல் திரையை இழுத்தார், திறந்தார், திரும்ப இழுத்தார். சொன்னால் நானா விடமாட்டார். உடனே மகன் பஹ்மியைத் துணைக்குக் கட்டிவிடுவார், இல்லாவிட்டால் பயணத்தையே நிறுத்துவார். அவர் சொல்லி இந்த வீட்டில் நடக்காத காரியம் ஒன்றுகூட இல்லை. இன்னும் நாலைந்து நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் விமானம் ஏறிவிடலாம்.

“ஹலோ… நானா?… லைன்ல ஈக்கிறீங்களா?… என்ன, சத்தம் ஒரு மாதிரியா ஈக்கு?… ஸுமைராவா? அவக்கு என்ன?… திரும்பவும் கலஞ்சிட்டா?… யா அல்லாஹ். எப்ப நானா?… மதினிக்கு மட்டும்தான் தெரியுமா?… ஓ… ஓ… நானா… நானா, அழாதீங்க…”

உம்மாவின் மையித்தைத் தூக்கிய அன்றுகூட கண் கலங்காத மனிசன். அவர் அழுவதைக் கேட்டதும் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஸுமைரா அவருடைய ஒரே மகள். கரு கலைவது அவளுக்கு இது முதல் தடவையும் அல்ல.

“நானா?… கஃபத்துல்லாட திரையப் புடிச்சி… ஓ… அவட பேரச் செல்லி… நானே துஆக் கேக்கணுமா?…”

இந்த வயதுவரைக்கும் நானா தங்கச்சிக்குக் கட்டளை போட்டிருக்கிறார், புத்தி சொல்லியிருக்கிறார், ஏசியிருக்கிறார். ஒன்று தா என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறார், பிச்சை கேட்கிற குரலில். ஈத்தம்பழம் கொழும்பில் வாங்கலாம். இதை எந்தக் கடையில் வாங்குவது? அந்தப் பிள்ளை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மாமி கேட்டிருக்கிறா, மாமி கேட்டிருக்கிறா என்று காத்திருப்பாளே. டீச்சருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

“நானா, ஒரு நிமிசம்… இல்ல, நீங்க அழுங்க, நான் செல்றத மட்டும் கேளுங்க. நான் உம்ராக்குப் போகல்ல… இல்ல, விசா ஒண்டும் பிழைக்கல்ல… முதல்லயிருந்தே போகல்ல நானா. நான் போறது நோர்வேக்கு… நோர்வே. ஓ, அந்த நோர்வேதான்… பேர்கன் எண்டு ஒரு ஊரு… வேலைக்கில்ல… புத்தி பேதலிக்கல்ல, நல்லாத்தான் ஈக்கு… பாக்கப் போறன். மலையையும் கடலையும் பாக்க… ஓ, இங்கயும் மலை ஈக்குத்தான். கம்பளையிலயும் மழை பெய்யுதுதான். தெரியும் நானா, நான்தானே புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுத்த…”

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு மறுபடி கிட்டக் கொண்டுவந்தார்.

“ஏசுங்க. நல்லா ஏசுங்க. செல்லாம ஈந்தது பிழைதான், ஆக்கள் மாப்புக் கேட்டு வரக்குள்ளயே செல்லீக்கணும்… ஸுமைராக்கு நான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கிறன், இனியும் கேப்பன். ஆனா திரையப் புடிச்சிக் கேட்ட எண்டு அந்தப் புள்ளைக்கிட்டப் பொய் செல்ல எனக்கு ஏலா… வெள்ளிக்கிழமைச் சோத்த நிப்பாட்ட வாணாம். வாரவங்க வரட்டும், வந்தவங்களுக்கு முன்னால நானே செல்றன்… வெக்கமா? உங்களுக்கு வெக்கமா ஈந்தா நீங்க கடையில இரிங்க.”

அப்படியொரு வார்த்தை தன் வாயில் இருந்தது டீச்சருக்கே அதுவரை தெரியாது. எழுந்து நின்றார்.

“பஹ்மியா? வாணாம்… அவன் நல்ல புள்ளதான், வாணாம்… பயம் ஈக்கு. ஏன் இல்லாம? ஏர்போட்டுல எந்தப் பக்கம் போறதெண்டும் தெரியா… பொம்பிளைகள் மட்டும் தங்கிற ரூம் ஒண்டு எடுத்தீக்கி… ஓ, தெரியாத பொம்பிளைகள்தான்… திரும்பி வாரன்… மக்கத்துக்கு நீங்க காசு போட்டு அனுப்ப வாணாம், மறுவா நானே பணம் சேத்துப் போறன், இன்ஷா அல்லாஹ். அது வேற, இது வேற… இல்ல நானா. நான் உங்கள்ட்ட கேக்கல்ல. செல்றன்…”

நானா தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

“அங்க யாரு ஈக்கிறயா?… ஒருத்தரும் இல்ல. அங்க எனக்கு ஒருத்தருமே இல்ல நானா. சோறு தா எண்டு, தண்ணி தா எண்டு, குல்சும் எங்கயெண்டு கேக்க ஒருத்தரும் இல்ல. அதுக்குத்தான் போறன்… ஹலோ?… நானா?…”

நானா வைத்துவிட்டார். டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்று அழுதார். அழுதுகொண்டே, “போறன் நானா, போறன்” என்றார்.