கேட்டதைத்தான் கொடுத்தேன்

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடலாமா? முனகுகிறது. நான் சொல்வதைப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், என் பேச்சு முழுக்க அந்த முனகலும் சேர்ந்து விழும். ரெக்கார்டரை வெறும் மேசையில் வைக்காதீர்கள், ஒரு கைக்குட்டையை மடித்து அடியில் போடுங்கள். தொழில் புத்தி, தவறாக நினைக்க வேண்டாம். முப்பது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவன் நான்.

படப்பிடிப்பின் கடைசி நாளில் என் மகளுக்கு நடந்த விபத்தைப் பற்றி விசாரிக்கிறீர்கள். தான் வைத்திருந்த வாக்கி டாக்கியின் அலை என் ஒலிக்கருவியில் பாய்ந்துதான் அது நடந்தது என்று டைரக்டர் தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் வழக்கு வரும் என்று கேள்விப்பட்டேன். அன்ன ஆகாரம் இல்லாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறாராம். ஒரு பாவமும் அறியாதவர் தலையில் பழி விழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் நானாகவே வந்தேன்.

படத்தின் பெயர் ‘பேய்க்குத் தூக்கம் வரலை’. கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றிய படம். ஹெவி மெட்டல் இசைப் பைத்தியம் பிடித்த நாலு பிள்ளைகள், கறுப்புச் சட்டையும் விரித்துப் போட்ட முடியுமாக, ஒரு பழைய வீட்டின் நிலவறையில் வாசித்துப் பழகுகிறார்கள். மாடியில் இருநூறு வருடமாக நிம்மதியாகத் தூங்கும் பேய்க்கு இவர்கள் சத்தத்தில் தூக்கம் கலைகிறது. இறங்கி வந்து மிரட்டுகிறது, கெஞ்சுகிறது, கடைசியில் அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் புகார் மனு கொடுக்கிறது. பேயாக நடித்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேயின் அங்கி, டைரக்டர் வீட்டுப் படுக்கை விரிப்பு. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்திருந்தார்கள். மதியத்துக்குள் எறும்பு மொய்த்துவிடும், செத்துக் கிடக்க வேண்டியவன் சொறிந்துகொண்டே கிடப்பான். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

நாலு பேரில் டிரம்ஸ் அடிப்பவள் என் மகள். மற்ற மூவரும் வாசிப்பதுபோல் நடித்தார்கள். அவளுக்கு நடிக்க வேண்டிய தேவை இல்லை. பதினேழு வயது. படக்குழுவில் அவளை ‘இடி’ என்று கூப்பிட்டார்கள். வீட்டில் பாப்பா.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீடு அமைதியாக இருந்தால் அவளுக்குப் பயம். நான் வீட்டுச் சத்தங்களைப் பதிவு செய்து போட்டுக் காட்டுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பாள். சாவிக்கொத்து. தீப்பெட்டி. அம்மாவின் அலமாரிக் கதவு. ஒன்றுகூடத் தப்பாது. மூன்றாவது மாடியில் இருந்துகொண்டே, தெருவில் போகிற வண்டிகளுக்கு நடுவில் என் ஸ்கூட்டரை அடையாளம் கண்டு கதவைத் திறந்து வைத்திருப்பாள். அப்படி ஒரு காது. என் தொழிலில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

படம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“படம் முடிஞ்சதும் கிளம்புறேன்ப்பா. பெரிய பேண்டு. ஊர் ஊரா போறவங்க. என்னைக் கேட்டிருக்காங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கெல்லாம் இல்லப்பா. போறதுன்னா போறதுதான்.” பிறகு என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். “நீயும் வாயேன். அவங்களுக்குச் சவுண்டு பாக்க ஆள் வேணுமாம். நான் பேசுறேன்.”

அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. என்னையும் கூப்பிட்டாள். யோசித்தேன். அங்கே நான் அவளுக்கு அப்பாவாக இருக்க முடியாது. சவுண்டு பார்க்கிற ஆளாக இருப்பேன். வேண்டாம் என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு எழுந்து போனாள்.

இனி படப்பிடிப்பு. பாட்டுக் காட்சிகளுக்கு நடுவே வசனம் இருந்தது. பாட்டை வெளியே போட்டால் வசனம் பதிவாகாது. அதனால் நாலு பேர் காதிலும் சின்ன இயர்போனை மாட்டி, என் மேசையில் இருந்து பாட்டை அனுப்புவேன். டிரம்ஸ் மேல் கெட்டித் துணி போர்த்தியிருக்கும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு, நாலு பிள்ளைகள் ஊமைக்கூத்து மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். செருப்பு தேய்கிற சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு. மற்ற மூவருக்கும் முதல் நாள் வைத்த அளவை நான் கடைசி வரை தொடவே இல்லை.

பாப்பா மட்டும் இரண்டாம் நாளே கேட்டாள்.

“கொஞ்சம் ஏத்துப்பா. பத்தலை.”

ஏற்றினேன். நாலாம் நாள் மறுபடி கேட்டாள். ஏற்றினேன். இருபத்து மூன்று நாள் படப்பிடிப்பில் ஒன்பது முறை கேட்டாள். அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன். டைரக்டர் தம்பியே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், சிரித்திருக்கிறார். “இடிக்கே சத்தம் பத்தலையாண்ணே?” என்றார்.

ஏன் பத்தவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அளவுக்கு மீறிய சத்தத்தில் காது மந்தமாகும். மந்தமான காது இன்னும் அதிகச் சத்தம் வேண்டும் என்று கேட்கும். காதுக்குப் போகிற சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்க, என் கருவியில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே, அவள் காதுக்குப் போகிற பாதையில் மட்டும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். அவள் கேட்பதற்கு முன்பு நானாகச் செய்தது அது ஒன்றுதான். முதல் நாள் அளவும் கொஞ்சம் கூடத்தான் வைத்திருந்தேன்.

காது முழுக்கப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. லேசாக ஓர் இரைச்சல் வரும், பயந்துபோய்க் குச்சிகளைக் கீழே வைப்பாள், அவ்வளவுதான் என் எண்ணம். எந்தத் தகப்பனுக்கும் பிள்ளை கண் முன்னால் இருக்க வேண்டும் என்று இருக்காதா?

இரண்டாம் வாரம் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்தாள். தண்ணீர் ஓடுவது அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து போய் நானே மூடினேன். என்னிடம் பேசும்போது அவள் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடி ஏறியபோது கதவு சாத்தியிருந்தது. மணியை மூன்று முறை அடித்தேன். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

“காதுக்குள்ள விசில் அடிக்குதுப்பா” என்றாள்.

“அலுப்பா இருக்கும்மா. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்” என்றேன்.

அவள் நம்பினாள். சத்தம் விஷயத்தில் என் பேச்சு அவளுக்கு வேதவாக்கு. ஆனால் பயப்படவில்லை, குச்சியைக் கீழே வைக்கவும் இல்லை. பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

கடைசி நாள், கடைசிக் காட்சி. பேய் தோற்றுப்போய், தானும் தலையை ஆட்ட ஆரம்பிக்கிற இடம். அவள் தனியாக டிரம்ஸ் அடிக்க வேண்டும். டைரக்டர் தம்பி என் அருகில் வந்து, வாக்கி டாக்கியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். கருவிகளைச் சோதிக்க ஒரு விசில் ஒலி வைத்திருப்போம், கூர்மையானது. அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அளவை முழுக்க ஏற்றிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினேன். நாலு வினாடி. கை தவறிப் படவில்லை. நான்தான் அழுத்தினேன்.

அவள் கத்தியதாக எல்லோரும் சொன்னார்கள். என் ஹெட்போனிலும் அந்த விசில்தான் ஓடிக்கொண்டிருந்தது, வாய் திறந்ததை மட்டும் பார்த்தேன். எறும்பு மொய்த்த ரத்தத்தோடு பேய்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கியது. டைரக்டர் தம்பி தன் வாக்கி டாக்கியைப் பார்த்தார், என் மேசையைப் பார்த்தார். “இதாலயாண்ணே?” என்று கேட்டார். “இருக்கலாம் தம்பி” என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரின் முன்பலகையில் அவள் விரலால் தாளம் தட்டிக்கொண்டே வந்தாள்.

“சரியா அடிக்கிறேனாப்பா? எனக்குத் தெரியல. நீ சொல்லு.”

தாளம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன், சரி என்று. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

இடது காது அறவே போய்விட்டது. வலது காதில் ஏதோ மிச்சம் இருக்கிறது, ஆள் பேசுகிறார் என்று தெரியுமே தவிர என்ன பேசுகிறார் என்று தெரியாது. அந்த பேண்டுக்கு அவளே கடிதம் எழுதினாள். பெட்டியில் இருந்த துணியை நான் எடுத்து அலமாரியில் அடுக்கி வைத்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் அவளிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். நீங்கள் வேகமாகப் பேசுகிறீர்கள், மீசை வேறு உதட்டை மறைக்கிறது. டாக்டர் பேசினாலும் அவளுக்கு விளங்குவதில்லை, உடனே என் பக்கம்தான் திரும்புவாள். அரை அடி தள்ளி உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவேன். சின்னப் பிள்ளையில்கூட அவள் என்னை இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது.

வீட்டுக்கு அனுப்புங்கள், நானே சொல்லிக்கொள்கிறேன். நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?