கீழே ஓர் அறை

காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி, சார். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், அதுவும் சௌகரியம்.

ஹைதராபாத்தில் இந்த ஏ.எஸ்.ராவ் நகரில் நான் வீடு கட்டியபோது சுற்றிலும் முட்செடிதான். ஓர் ஆலையின் கட்டடப் பிரிவில் வேலையில் இருந்தேன். பக்கத்து மனையில் ஒரு பழைய விவசாயக் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் என் சுவர்களை நனைத்தேன். பிறகு அந்த மனைக்காரர் குப்பையையும் செங்கல் துண்டுகளையும் கொட்டிக் கிணற்றை மூடினார். முன்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டி, தண்டபாணிக்கு விற்றுவிட்டுப் போனார். கிணறு இருந்ததே தண்டபாணிக்குத் தெரியாது; அவருக்கு அது கொய்யா மரம் நிற்கும் கொல்லை, அவ்வளவுதான்.

என் மனைவி ஜலஜாவுக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையறை மாடியில். அவளுக்காகக் கீழே பக்கவாட்டில் ஓர் அறை கட்ட நினைத்தேன். நகராட்சியில் மனுப் போடும் முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவது எங்கள் காலனி வழக்கம். தண்டபாணியிடம் நானே போய்ச் சொன்னேன். தாராளமாகக் கட்டுங்கள் என்றார். அடுத்த வாரமே, தன் ஜன்னலுக்குக் காற்று வராது என்று எழுதிக் கொடுத்து அனுமதியை நிறுத்திவிட்டார். அந்த மழைக்காலத்தில் ஜலஜா மாடிப்படியில் உருண்டு செத்தாள். துக்கம் கேட்க அவரும் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். அவரை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

பிறகு ஊரெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள். வேலை தேடி வந்த பெண்களுக்குத் தங்க இடமில்லை. தண்டபாணி கொல்லையில் ஹாஸ்டல் கட்டக் கிளம்பினார். ஸ்வீட் டப்பாவோடு வந்து வரைபடத்தை விரித்தார். நடுத்தூண் சரியாக அந்த மூடிய கிணற்றின் மேல் நின்றது. தூணை ஒட்டிக் கீழே தனக்கென்று ஓர் அறை. படி ஏறினால் முட்டி வலிக்கிறதாம்.

"நீங்க கட்டடப் பிரிவுல இருந்தவர். நீங்களே சரின்னுட்டா மண்ணுக்கு டெஸ்ட்டெல்லாம் எதுக்கு சார்?" என்றார்.

ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். காபியும் கொடுத்தேன். கட்டடம் எழும்பியதும் என் கட்டிலை மட்டும் வீட்டின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டேன்.

நல்ல பெண்கள், சார். நித்யஸ்ரீ என்று ஒருத்தி கறிவேப்பிலை கேட்டு வருவாள். ஒருநாள் பறித்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அங்கிள், எங்க பாத்ரூம் சுவத்துல கிராக் வந்திருக்கு. விரலே உள்ள போகுது. ஓனர் உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு."

கட்டடம் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே எல்லோரையும் வெளியே கூட்டி வந்திருக்கலாம்.

"புதுக் கட்டடம்மா, பூச்சு அப்படித்தான் வெடிக்கும். போய் வேலையைப் பாரு" என்றேன். அவள் தாங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழையில் கட்டடம் விழுந்தது. விடுமுறை என்பதால் பெண்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். நித்யஸ்ரீயும்தான். அவர்களைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்குத் தண்டபாணி திருப்பதிக்குப் போயிருந்தார். அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.