ஓநாய் இல்லாத மூலை

…கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க, துடைக்காம பாருங்க, அந்த மூலையில ஓநாய் இல்லதான் சார். அதுக்காக காலையிலேர்ந்து மூணாவது தடவையா வந்து படத்துல மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னா எப்படி? நாலு மணிக்கு ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா. படம் சுத்தம் பண்றவளுக்கு வேற வேலை இருக்காதா?

அப்பப்பா, நீங்க எழுதின விளக்க அட்டை இருக்கே… படிச்சேன், படிச்சேன். ஆட்டுக்குட்டின்னா கள்ளங்கபடமில்லாத மனசாம். நாய்னா விசுவாசமாம். மேய்ப்பன் குழலைக் கீழ வச்சுட்டுத் தூங்கினா, அதுகூட சும்மா தூக்கம் இல்லையாம், கடமை தவறின அரசனாம்! பாவம் சார், மனுஷன் அசந்து தூங்குறான். ஆட்டை ஆடா இருக்கவே விடமாட்டீங்களா? எங்க மாமனார் நாப்பது ஆடு வச்சிருந்தாரு. ஒண்ணுக்காவது கள்ளங்கபடம் இல்லாம இருந்துச்சா? என் கல்யாண போட்டோவையே ஒண்ணு தின்னுச்சு. அதுவும் என் பக்கத்தை விட்டுட்டு, வீட்டுக்காரர் பக்கத்தை மட்டும்! அதுக்கு என்ன அர்த்தம் எழுதுவீங்க?… சிரிக்கலாம், தப்பில்ல.

ஓநாய்னா மரணம்னு எழுதியிருக்கீங்க. சரி, ஒரு மரணம் குறைஞ்சா யாருக்கு சார் நஷ்டம்?… என்னது? ஏழு ஆடும் அப்ப ஏன் அந்த மூலையையே பார்க்குதுன்னா?… அது… விடியலைப் பார்க்குதுன்னு எழுதிடுங்களேன்! நம்பிக்கைன்னு போடுங்க. உங்களுக்கா வராது?

அப்படிப் பார்க்காதீங்க சார். சொல்லிடறேன்.

போன செவ்வாய்க்கிழமை… பழைய வார்னிஷ், ஒரே பழுப்பு. பஞ்சை எச்சில்ல நனைச்சு உருட்டிக்கிட்டே வந்தேன். எங்க வேலையில அதான் வழக்கம், மூஞ்சியைச் சுளிக்காதீங்க. அந்த மூலையில ஒரு அழுக்குத் திட்டு. எச்சிலுக்கு மசியல. வார்னிஷைக் கரைக்கிற மருந்தைத் தொட்டேன். வருதே, நல்லா வருதேன்னு சந்தோஷமா உருட்டிட்டு, பஞ்சைத் திருப்பிப் பார்த்தா… வால் சார். பஞ்சுல வால்! படத்துல ரெண்டு காதுதான் மிச்சம். ரெண்டு காதை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதையும் துடைச்சுட்டேன்.

இருபத்தாறு வருஷத்துல ஒரு புல்லு நுனிகூட என் கையால போனதில்ல சார். மியூசியம் டைரக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே என் சீட்டு கிழிஞ்சுடும். பஞ்சை எறியல, டப்பாவுல பத்திரமா இருக்கு உங்க மரணம். அட்டையில ஒரே ஒரு வரி மாத்தினா போதும்…

சார்? எங்க கிளம்பிட்டீங்க? ஓநாய் இருந்த மூலைப் பக்கம் டைரக்டரம்மா ரூம்தானே இருக்கு… கதவைத் தட்டாதீங்க சார்! ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் திரும்பிப் படத்தைப் பாருங்க.

நீங்க அங்க போய் நின்னதும், ஏழு ஆடும் உங்களையேதான் பார்க்குது.