செல்வராஜா, இம்ரானா?

"மூச்சுப் புடிக்கறதுல உங்க இம்ரான் எங்க செல்வராஜ்கிட்ட நிக்க முடியுமா?"

காலை ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ். அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கு இதைக் கேட்டதும் முழிப்பு வந்துவிட்டது. முன்சீட்டில் இரண்டு பேர். ஒரே காலேஜ் கபடி டீமில் வேறு வேறு காலத்தில் ஆடியவர்களாம்.

மூத்தவர்தான் விடாமல் பேசினார். "செல்வராஜ் பாடிப் போனான்னா, மூணு பேரு காலைப் புடிச்சாலும் பாட்டு நிக்காது. அப்டியே இழுத்துக்கினு வந்து கோட்டைத் தொடுவான்."

"இம்ரானும் அப்டித்தாண்ணா. எங்க மூச்சு விடறான்னு ரெஃப்ரி கிட்டக்க வந்து காதைக் குடுத்துக் கேப்பாரு."

"விடுவானா?"

"ஒருநாளும் விட்டதில்ல."

மூத்தவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"செல்வராஜண்ணன் இப்ப எங்கண்ணா?"

"வீட்லதான். கிரானைட் கம்பெனில கல்லு பாலிஷ் போட்டுப் போட்டு, தூசியெல்லாம் நெஞ்சுல எறங்கிடுச்சு. பாத்ரூம் போய்ட்டு வந்தாலே கட்டில்ல குந்திக்கினு எளைக்கிறான். வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"அந்த எடத்துக்குத்தாண்ணா இம்ரானை எடுத்திருக்காங்க. திங்கக்கெழமை சேர்றான்."