இடது ஓரத்தை வெட்டிவிடுங்கள்

ஒருவர் எடுத்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் சார். அப்புறம் குறையைச் சொன்னாலும் கோபம் வராது. எங்கள் புகைப்படக் குழுவில் எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள். நானே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். புதிதாகச் சேர்கிறவர்கள் குழுவில் போடுவதற்கு முன்பே படத்தை எனக்கு அனுப்பி, "சார், தேறுமா?" என்று கேட்பார்கள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் மைத்துனன் வேறு ரகம். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். நான் எந்தப் படம் போட்டாலும் அடியில், "மாமா, பல் டாக்டர் வீட்டுக் காலண்டருக்கு ஆகும்" என்று எழுதுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவன் ஏரியில் மூழ்கிப் போனது உங்களுக்குத் தெரியும். தனியாகப் படமெடுக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஊரே சொன்னது. அன்று காலை நான் கடையில் இருந்ததாகச் சொன்னேன். யாரும் துருவவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, குழுவுக்குப் புதிதாக வந்த பேக்கரிக்காரம்மா ஒரு படம் அனுப்பினார். அதே ஏரி, அதே காலை, எதிர்க்கரையிலிருந்து எடுத்தது. நடுவில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. இடது ஓரத்தில், நகத்தளவுக்கு, தண்ணீரில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். கரையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவன் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறான்.

நான் பதறவில்லை. "கொக்கு அற்புதம்மா. இடது ஓரம் மட்டும் கண்ணை இழுக்குது, வெட்டிடுங்க. பழசை அழிச்சிடுங்க, வெச்சிருந்தா மனசு அதுலயே நிக்கும்" என்று எழுதினேன். வேறு யார் படமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் பேக்கரிக்குப் போனேன். "அந்த ஓரத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"யாரோ குளிக்கிறாங்க போல சார். நான் கொக்கைத்தான் பாத்தேன்" என்றார், ட்ரேயைத் துடைத்தபடி.

என் முகத்தைப் பார்க்காமல் ஏன் துடைத்தார்? அந்த ஏரியில் ஒருவன் செத்தது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாதா? வாங்கிய ரொட்டியை, கேட்காமலே மெல்லிசாக அரிந்து கொடுத்தது எதற்கு? கடைக்குத் திரும்பியும் எனக்கு அதே நினைப்பு.

சாயங்காலம் அவர் குழுவில் படத்தைப் போட்டார். வெட்டாததையும் வெட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சார் சொல்லிக்கொடுத்த பாடம்: முன்பு, பின்பு" என்று எழுதி, ஒரு கும்பிடு வேறு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வேண்டுமென்றே செய்தாரா, நன்றிக்காகச் செய்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விசாரிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

என் மனைவி குழுவில் இருந்ததை மறந்துவிட்டேன். தம்பி போன பிறகு, அவன் எழுதியதையெல்லாம் படிப்பதற்காகச் சேர்ந்திருந்தாள். போனும் கையுமாகக் கடைக்கு வந்தாள். படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறாள்.

"மஞ்சக் கோட்டு நீங்கதானே?"

நான் கண்ணாடிப் பெட்டியை மூடினேன்.

"அவன் உங்களைப் பாத்துத்தானே கைய நீட்டுறான். கேமராவைக் கீழ வெச்சிட்டு ஒரு கை குடுத்திருக்கலாமே."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உங்களுக்கும் அதே கேள்விதான். சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லில் பாசி என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும். "மாப்ள, இன்னும் ஒரு அடி பின்னால போ, வெளிச்சம் நல்லா விழும்" என்று சொன்னது நான்தான். போனான். என் படத்தைக் கேலி செய்வானே தவிர, எடுக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்பான்.

"மாமா" என்று கூப்பிட்டான். கேமராவை இறக்கினால் அந்த முகத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருத்தர் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது சார். சின்ன வயசிலிருந்தே எனக்கு இளகிய மனசு.